கண்ணன் பேருக்கு வந்த குரல்

1

தலைமன்னார் கப்பல் நின்றுபோன வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். இனி போகிறவனும் இல்லை, வருகிறவனும் இல்லை என்று அங்கே தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்ததாக அந்தோணி எழுதியிருந்தான். அதற்கு அடுத்த வருஷம், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், இங்கே எங்கள் காலனியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அது நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

அந்தோணி, இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படித்து மடித்து வைத்துவிடாதே. எப்போதும் போல வேலை விட்டு எல்லோரும் வந்த பிறகு, லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படி. பழனி வரும்வரை ஆரம்பிக்காதே.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா டீச்சர் எழுதுகிறார். இங்குள்ள ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் பிறந்தவர், காரிமங்கலத்தில் குடியிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். நம் பேச்சைப் புத்தகத் தமிழாக்கி எழுதிக்கொள்கிறார். நான் எங்கெங்கோ போய்விடுகிறேன் என்று இப்போதே அவருக்குச் சலிப்பு.

"பெரியவரே, கப்பல்ல ஏறுன கதைய நா மூணு தடவ கேட்டுட்டேன். நேரா சரசு கதைக்கு வாங்க" என்கிறார்.

வருகிறேன். சரசு பழனியின் மகள். பழனிக்கு அங்கே சிலோனில் பிரஜாவுரிமை கிடைத்து, அவன் பெண்சாதி லெட்சுமிக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது உங்கள் கண் முன்னால்தான். லெட்சுமி தன் அம்மாவையும் சரசுவையும் சின்னவன் கண்ணனையும் கூட்டிக்கொண்டு என்னோடு அதே கப்பலில் வந்தாள். கண்ணன் செத்துப்போனதை நான் கடிதம் போட்டுச் சொன்னேன். அந்தக் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அதை விட்டதால்தான் பழனி மகளை வெறுத்துவிட்டான். அதை விட்டதால்தான் சரசு பத்து மாதமாக, யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறப்பதில்லை.

மற்றபடி பேசுவாள். தண்ணீர்ப் பம்பில் சண்டைகூடப் போடுவாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. எழுந்து வந்து எதிரே நிற்பாள்.

போன வாரம் டீச்சர் என் வீட்டுக்கே வந்து சொன்னார். "தினமும் வந்து ஒக்காருதுங்க. டிரில் எடுத்தா மொத வரிசையில நிக்குது. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப மட்டும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி இருக்குது. நா கண்ணால பாத்துப் போட்டுக்கறேன். வர வருஷம் ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போவணும். அங்க ஒரு கிளாசுக்கு எத்தினியோ புள்ளைங்க. யாரும் நிமிந்து பாக்க மாட்டாங்க. வாய தொறக்கலன்னா ஆப்சென்ட்டுதான். பேரையே அடிச்சிருவாங்க."

அதனால்தான் இந்தக் கடிதம்.

2

புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளும் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும், அவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது தருமபுரி மாவட்டம். காரிமங்கலத்துச் சந்தை ரோட்டிலிருந்து பிரிந்து கால் மணி நடக்க வேண்டும். அங்கிருந்து வந்தவர்களுக்கென்று சர்க்கார் கட்டிக்கொடுத்த இருபத்துமூன்று வீடுகள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பதினொன்று. கண் எட்டுகிற வரை கொல்லைக்காடு, ராகி, அவரை, நடுவே பாறை. பச்சை என்று நாம் எதைச் சொல்வோமோ அது மழைக்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். ஊர்க்காரர்கள் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். எனக்கு இதில் கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. வந்த ஆறு மாதத்தில் 'வூடு', 'வூட்டுல' என்று பேச ஆரம்பித்துவிட்டன. நான் ரொட்டியைப் பாண் என்றால் சிரிக்கின்றன.

பெரட்டு என்றால் என்ன என்றுகூட இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடியும் முன்னால் தப்பு அடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பனிமூட்டத்தில் முகம் தெரியாது. காய்ச்சலில் கிடக்கிறவனுக்கும், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவளுக்கும், பக்கத்தில் நிற்கிறவன் குரலை மாற்றி "இருக்கேங்க" என்று சொல்லிவிடுவான். அந்தோணி, உனக்காக நான் எத்தனை நாள் சொல்லியிருப்பேன். எனக்காக நீ எத்தனை நாள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. சொல்லாமல் விட்டவனோடுதான் லயத்தில் பேச்சை நிறுத்தினோம்.

நாற்பது வருஷம் அந்தக் களத்தில் நின்ற காது என்னுடையது. அடுத்தவனுக்காகச் சொல்லும் பதில் எப்படி வரும் தெரியுமா. அரை மூச்சு பிந்தி வரும். கொஞ்சம் சத்தம் கூடுதலாக வரும். தன் பேருக்கு எவனும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

3

முதலில் படுத்தது லெட்சுமியின் அம்மா. காலையில் வாந்தி, பேதி. மத்தியானத்துக்குள் கன்னம் ஒட்டிப்போனது. ஆஸ்பத்திரியில் காலரா என்றார்கள். லெட்சுமி அம்மாவோடு தருமபுரி ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டாள். சரசுவும் கண்ணனும் மட்டும் வீட்டில். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அவர்களுக்கும் சேர்த்துச் சோறாக்கினாள். இரண்டு நாளில் இன்னும் மூன்று பேர் படுத்தார்கள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். இளவயசு. கிணற்றில் வெள்ளை மருந்துப் பொடி கொட்டினார், எல்லோருக்கும் ஊசி போட்டார், காலனியைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகக்கூடாது, கூலி வேலைக்கும் கிடையாது, சந்தைக்கும் கிடையாது. ஊர்க்காரர்கள், நாங்கள்தான் நோயைக் கப்பலில் கொண்டுவந்தோம் என்றார்கள். நாங்கள் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "இது இங்க மட்டுமில்லீங்க. நாடு நாடாப் போய்க்கிட்டு இருக்குது. இந்தப் பாவப்பட்ட சனம் என்னா பண்ணும்" என்று அவர்களிடமே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை அன்றைக்கு வந்தது.

பெரிய தொல்லை பிள்ளைகள்தான். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். முப்பத்துநாலு பிள்ளைகளும் வேலை இல்லாமல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஏரிக்கு ஓடுவதும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதுமாக இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார். அப்போது கயிற்றுக்கு வெளியே புளியமரத்தடியில் ஸ்டெல்லா டீச்சர் நின்றார். பள்ளிக்கூடம் பூட்டியும் பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஓடியாட வுட்டா ஏரிக்குப் போவுதுங்க. வூட்டுக்குள்ள பூட்டி வெச்சா வூட்டையே பேத்துடுங்க. நின்ன எடத்துலயே ஆட வெச்சிட்டா போதுங்க சார். அவங்கவங்க வாசல்ல நிக்கட்டும். நா இங்கருந்து சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். வட்டத்தை விட்டு யாரும் வரக்கூடாது. டீச்சர் புளியமரத்தில் கறுப்பு அடித்த தகரத்தைச் சாத்தி, பெரிது பெரிதாக எழுதுவார். கடைசி வீட்டுக்குத் தெரியாது. அதனால் முதல் வீட்டுப் பிள்ளை படித்து அடுத்த வீட்டுக்குக் கத்தும், அது அடுத்ததற்கு. ஆறேழு நாற்பத்திரண்டு என்று கிளம்பும். பன்னிரண்டாம் வீட்டுக்குப் போகும்போது ஐம்பத்தாறு ஆகியிருக்கும்.

"யாருடா நடுவுல வட்டி போட்டது" என்று டீச்சர் கத்துவார். அந்தக் கஷ்டத்திலும் காலனி முழுக்கச் சிரிக்கும்.

பிறகு டிரில். கை மேலே, கை பக்கம், குதி. அது அலுத்துப்போனால் பாக்கியம் வாசலில் நின்றபடியே கொழுந்து பறித்துக் காட்டுவாள். இரண்டு கையும் மாறி மாறிக் கிள்ளி, தோளுக்குப் பின்னால் இல்லாத கூடையில் போடுவது. முப்பத்துநாலு பிள்ளைகளும் பாறைக்காட்டில் நின்று தேயிலை பறித்தார்கள். ஒன்றுகூடத் தேயிலைச் செடியை ஞாபகம் வைத்திருக்கவில்லை. கண்ணன்தான் எல்லோரையும் விட வேகம். "தாத்தா, எங்கூடை ரொம்பிடுச்சு. எறக்கி வுடுங்க" என்று முதுகைக் காட்டுவான்.

இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் சொன்னார். தினமும் விடிந்ததும் ஒருவர் பேர் கூப்பிட வேண்டும். பதில் வராத பிள்ளைக்கு உடனே உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, ஜீப்புக்கு ஆள் அனுப்ப வேண்டும். "இந்த நோவு மணிக் கணக்குலதாங்க. காலையில தெரிஞ்சா பொழச்சிக்கும். மத்தியானம் தெரிஞ்சா சொல்ல முடியாது."

பேர் கூப்பிட என்னைப் பிடித்தார்கள். வெள்ளன எழுந்துவிடுகிறவன், குரல் பெரிசு. எழுத்து தெரியாவிட்டால் என்ன, முப்பத்துநாலு பேரும் வீட்டு வரிசையில் மனசில் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. நாற்பது வருஷம் பதில் சொன்னவன் கூப்பிடுகிறேன்.

டிரில்லுக்கு நடுவே பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது பெரட்டுக் கதை சொன்னேன். கணக்கப்பிள்ளை எப்படி ஏமாந்தார், ஒரே ஆள் மூன்று குரலில் எப்படிச் சொல்வான், எல்லாம் நடித்துக் காட்டினேன். வட்டத்துக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரசு சிரித்துவிட்டுக் கேட்டாள்.

"மாட்டிக்கிட்டா என்னா பண்ணுவாங்க தாத்தா?"

"நம்ம சனம் மாட்ட வுடாது ஆத்தா."

அப்படித்தான் சொன்னேன்.

4

கயிறு கட்டி ஏழாம் நாள். அதற்கு முந்தின நாலு நாளாகப் புதிதாக யாரும் படுக்கவில்லை. இன்னும் மூன்று நாள் இப்படியே போனால் கயிற்றை அவிழ்த்துவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். யாராவது படுத்தால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அது பிள்ளைகளுக்கும் தெரியும். லெட்சுமியின் அம்மா தேறிவிட்டாள், கயிறு அவிழ்ந்ததும் லெட்சுமி வீட்டுக்கு வரலாம். சரசுவும் கண்ணனும் சுவரில் கரிக்கோடு போட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

விடிந்தும் விடியாமலும் இருந்தது. எனக்குப் பார்வை மட்டு. வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

"சரசு."

"உள்ளேன் தாத்தா."

"கண்ணன்."

அரை மூச்சு ஒன்றும் இல்லை. பிறகு வீட்டுக்குள்ளிருந்து சத்தமாக, "உள்ளேன் தாத்தா."

அந்தோணி, எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியே தெரிந்துவிட்டது. பையன் தூங்குகிறான், அக்கா சொல்கிறாள், தூங்கட்டும் என்று நினைத்தேன். அதையும் முழுசாக நினைக்கவில்லை. நினைக்கும் முன்னாலேயே வாய் அடுத்த பேருக்குப் போய்விட்டது. நாற்பது வருஷப் பழக்கம்.

அதோடு நின்றிருந்தால்கூட மனசை எப்படியோ ஆற்றிக்கொள்வேன். வெயில் ஏறி டிரில் ஆரம்பித்தபோது டீச்சர் புளியமரத்தடியிலிருந்து கேட்டார். "ஒம்பதாம் வூட்டுல ஒரு வட்டம் காலியா இருக்குதே. கண்ணன் எங்க?"

சரசு என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நான் கண்டது வெயிலில் நிற்கிற பிள்ளையின் முகம் என்று வைத்துக்கொண்டேன்.

"உள்ள இருக்கான் டீச்சரம்மா. நீராகாரம் குடிக்கிறான். இப்ப வந்துருவான்" என்று நான்தான் சொன்னேன். சரசு சொல்லவில்லை. நான்.

இந்த இடத்தில் டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நீங்க சொன்னதாலதாங்க நா விட்டேன்" என்றார். ஆமாம் என்றேன். மறுபடி பேனாவை எடுத்தார். "சொல்லுங்க. எழுதறேன்."

சரசு அன்று டிரில் முழுவதையும் செய்தாள். பக்கத்து வட்டத்தைப் பார்த்தபடி செய்தாள். கொழுந்தும் பறித்தாள். இடையில் இரண்டு தடவை வீட்டுக்குள் போய் வந்தாள். தம்பிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், அது நிற்கவில்லை. உச்சி வெயிலில் வட்டத்தைத் தாண்டி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"தாத்தா, தம்பி கண்ணு உள்ள போயிடுச்சு தாத்தா. கூப்புட்டா முழிக்குது, பேச மாட்டேங்குது."

உள்ளே போய்ப் பார்த்தேன். பையன் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. ஜீப் வந்தது. தருமபுரி எட்டுவதற்குள் என் மடியில் போய்விட்டான். ஒன்பது வயசு.

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். "காலையில பேர் கூப்புட்டீங்களா இல்லீங்களா? பதில் வந்துச்சா?" எதிர் வீட்டுக்காரன், "அந்தப் பொண்ணுதான் ரெண்டு பேருக்கும் சொன்னது, நா கேட்டேன்" என்றான். எல்லோரும் சரசுவைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

5

தாலுகா ஆபீசில் சாவைப் பதியப் போனோம், நானும் லெட்சுமியும். குமாஸ்தா தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்பா எங்க?"

"அங்கங்க. சிலோன்ல."

"உசுரோட இருக்காரா?"

"இருக்காருங்க."

"அப்ப கையெழுத்துக்கு வரச் சொல்லுங்க."

"கப்பல் இல்லீங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். பிறகு எங்களை அலைய விடவில்லை, அவரே ஏதோ எழுதி முடித்துக் கொடுத்தார். பிறந்த ஊர் என்ற இடத்தில் மட்டும் என்ன போடுவது என்று தெரியாமல் கோடு இழுத்துவிட்டார்.

பிறகு பழனிக்குக் கடிதம் போட்டோம். ரேஷன் கடையில் நிறுத்துப் போடுகிறவன்தான் எழுதினான். 'சரசு தம்பிக்காகப் பதில் சொல்லிவிட்டாள், அதனால் யாருக்கும் தெரியவில்லை' என்று சொன்னேன். யாருக்கும் என்ற சொல்லில் நான் ஒளிந்துகொண்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. இனித் தனக்கு எழுதும் கடிதத்தில் அவள் பேர் இருக்கக்கூடாது என்று பழனி எழுதியிருந்தான். ரேஷன் கடைக்காரன் அதை லெட்சுமிக்கு வாசித்துக் காட்டியபோது சரசு கதவோரம் நின்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டார். பதில் இல்லை. அன்றிலிருந்து இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பம்படியில் அவளைப் பிடித்தேன். அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். குரல் தெரிந்ததையும், டீச்சரிடம் நான் சொன்னதையும். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் பம்பு அடிப்பதை நிறுத்தவில்லை.

"கண்ணந்தான் சொல்லச் சொன்னான் தாத்தா. அம்மா வர்ற நேரத்துல கயிற மறுபடியும் கட்டிடுவாங்கன்னு அழுதான்" என்றாள். பிறகு கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்னா அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கேக்கறப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

வயசானவன் பயந்தான் என்று சொன்னேன். அது உண்மை, ஆனால் போதாது.

குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "அப்பாவுக்கு எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எழுதிவிட்டேன். அந்தோணி, பழனி அங்கே உட்கார்ந்திருந்தால் இந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படி. அவன் பாதியில் எழுந்து போயிருந்தால் லயத்தில் அவன் காம்பராக் கதவைத் தட்டிச் சொல். அந்தப் பிள்ளை தம்பிக்காக ஒரு தடவை சொன்னாள், பத்து வயசில். அறுபத்தைந்து வயசில் தெரிந்தே இரண்டாவது தடவை சொன்னது இந்த முத்தையா, நான். கோபம் வைக்க வேண்டுமென்றால் இங்கே இருக்கிறேன், என் பேருக்கு வைக்கச் சொல்.

இன்னொன்றும் அவனிடம் சொல். இங்கே தபால்காரர் வீடு வீடாக வருவதில்லை. பம்படியில் சைக்கிளை நிறுத்திவிட்டு உறையில் இருக்கிற பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார். அந்தப் பேருக்கு உரியவர் இருக்கேன் என்று சொன்னால்தான் கையில் கொடுப்பார், அதில் ரொம்பக் கறார். பழனி இரண்டு வரி எழுதினால் போதும். என்ன எழுதினாலும் சரி. ஆனால் உறையின் மேல் லெட்சுமி பேரைப் போடவேண்டாம், என் பேரையும் போடவேண்டாம். சரசு பேரைப் போடச் சொல்.